ஊழியம் செய்தும் சந்தோஷம் இல்லையே?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறேன், தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன், மருத்துவமனை சென்று நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். ஆனாலும் உள்ளத்தில் சந்தோஷம் இல்லையே, ஏன்?

பதில்: சகோதரியே, உங்கள் ஊழியத்தில் குறையில்லை, சந்தோஷத்தை அதற்குள் தேடுவதுதான் உங்களைச் சோர்வடையச் செய்கிறது. பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று மகிழ்ந்து திரும்பிய எழுபது பேரிடம், அதற்காக அல்ல, தங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகவே சந்தோஷப்படும்படி இயேசு சொன்னார் (லூக்கா 10:20). ஆக்ஸ்போர்டில் கைதிகளைச் சந்தித்து, உபவாசித்து, அமெரிக்காவின் ஜார்ஜியாவரை மிஷனெரியாகச் சென்றும் சமாதானம் காணாத ஆங்கிலேயப் போதகரும் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனருமான ஜான் வெஸ்லி, 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுகையில், தம் இரட்சிப்புக்காகக் கிறிஸ்து ஒருவரையே நம்புவதை உணர்ந்தார். அதன்பின் அவருடைய ஊழியம் குறையவில்லை, பெருகவே செய்தது! நீங்களும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புறப்படுமுன், கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்று சொல்லும் எபேசியர் 2:8-9 வசனங்களை நிதானமாக வாசித்து, கிருபைக்காக நன்றி சொல்லுங்கள்.