வேலியும் ஒப்பந்தமும்

அன்புள்ள ஐயா,

இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1957 ஜூலையில் கையொப்பமிட்ட பிரதமரே 1958 ஏப்ரலில் அதைக் கைவிட்டார். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு எல்லோரையும் கட்டும் என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். இரண்டும் தாளில் எழுதியவைதானே? பிழையான தீர்ப்புக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

சட்டம் படிக்கும் மாணவன், கோப்பாய்

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் வளவின் மேற்கு எல்லை பற்றி என் தந்தையார் நடத்திய வழக்குப் பல வருடம் இழுபட்டுத் தோற்றது. அந்தத் தீர்ப்புப் பிழை என்றே அவர் சாகும்வரை சொன்னார். ஆயினும் மேன்முறையீடும் தள்ளுபடியாகி, நில அளவையாளர் வந்து கல் நாட்டிய கிழமையே, தாமே அலவாங்கை எடுத்து வேலியின் கிளுவைக் கதியால்களைப் பிடுங்கி, இரண்டு முழம் உள்ளே தள்ளி நாட்டினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வழக்கில் வென்ற அயலவர் அதன்பின் ஒரு விரற்கடைகூட எங்கள் பக்கம் வரவில்லை. தோற்றவரைக் கட்டிய அதே கல் வென்றவரையும் கட்டியது. பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு அப்படியொரு கல் நாட்டப்படவில்லை. அதை நிறைவேற்ற வேண்டியவரே அதை மீறக்கூடியவராகவும் இருந்தார். மீறியபோது தந்தை செல்வா போய் முறையிடுவதற்கு ஒரு மன்றமும் இருக்கவில்லை.

ஆனால் நீதிமன்றம் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குக் கோடீஸ்வரன் வழக்கை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த தமிழர் அவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் அரசுக்கு எதிராக வழக்கிட்டார். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், சிறுபான்மையினருக்குப் பாரபட்சமான சட்டம் இயற்றுவதைத் தடுத்த அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். மொழிப் பிரச்சினையைப் பற்றி இந்த நாட்டின் நீதிமன்றமொன்று இவ்வளவு துணிவாகப் பேசிய தருணங்கள் மிகக் குறைவு. 1967 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடாமலே, அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்கிட முடியாது என்று சொல்லி அத்தீர்ப்பைத் தள்ளியது. 1969 இல், அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்கிட முடியும் என்று தீர்த்து, அரசியலமைப்புக் கேள்வியை ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த ஆராய்வு நடக்கவேயில்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 இன் குடியரசு அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவே இல்லாமற் போனது.

தீர்ப்பின் முடிவு வழக்கின் இரு தரப்பினரையும் கட்டுகிறது. முடிவுக்கு அத்தியாவசியமான காரணம் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுகிறது. ஆகவே சம்பளத்துக்கு வழக்கிடலாம் என்ற பகுதி சட்டமாக நிலைத்தது. ஒரு தலைமுறையே காத்திருந்த மொழிக் கேள்விக்குத்தான் எவரையும் கட்டும் விடை கிடைக்கவில்லை. பிழையான தீர்ப்பைவிட இதுவே என்னை அதிகம் வருத்துகிறது, தம்பி. பிழையான தீர்ப்பில் காரணம் எழுதப்பட்டிருக்கும். அதை மறுத்து எழுதலாம், இன்னொரு வழக்கில் நீதியரசர்களை மாற்றிச் சிந்திக்க வைக்கலாம். சொல்லப்படாத விடையோடு எப்படி வாதாடுவது?

அதிகாரத்தில் உள்ளவரும் கட்டுப்படுவார் என்பதற்கு 2018 ஐப் பாருங்கள். ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 அன்று ஒருமனதாகத் தீர்த்தார்கள்; தாம் பதவி நீக்கிய பிரதமருக்கு அதே ஜனாதிபதி 16 ஆம் திகதி மீண்டும் சத்தியப்பிரமாணம் செய்து வைத்தார். அவருக்கு அந்தத் தீர்ப்புச் சரியெனப் பட்டதா என்பது இங்கே கேள்வியல்ல. என் தந்தையாருக்கும் சரியெனப் படவில்லை.

நீங்கள் முதலில் 1969 ஆம் ஆண்டுத் தீர்ப்பை வாசியுங்கள். பிறகு 1964 இன் மாவட்ட நீதிபதி சொன்ன காரணங்களைத் தேடிப் பாருங்கள். 29 ஆம் பிரிவு பற்றிய அவருடைய காரணங்களைப் பிழையென்று அந்த வழக்கில் எந்த மேல் மன்றமும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. வாசித்ததும் எனக்கு எழுதுங்கள்.