மை கூடினால் கறுப்பு கூடாது

கேள்வி: எப்சன் பிரிண்டரில் குவாட் டோன் ரிப் (ஒவ்வொரு மையும் எவ்வளவு விழ வேண்டும் என்று நாமே அமைக்கும் அச்சு மென்பொருள்) வைத்து, பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கறுப்பு வெள்ளைப் படங்கள் பிரிண்ட் போடுகிறேன். நிழல் பகுதியெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்கிறது. மை அளவை 100 சதவீதத்துக்கு ஏற்றியும் கறுப்பில் அழுத்தம் வரவில்லை. என்ன செய்யலாம்?

100-க்கு ஏற்றியதுதான் பிரச்சினையே. பேப்பர் ஓர் அளவுக்குத்தான் மை குடிக்கும், அதற்கு மேல் கொட்டினால் உள்ளே இறங்கும், பக்கவாட்டில் பரவும், கறுப்பு மட்டும் கூடாது. சில மேட் பேப்பர்களில் கடைசிக் கட்டங்கள் லேசாக வெளுக்கக்கூடச் செய்யும். 80-உம் 100-உம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால், அதற்கு நடுவில் இருந்த நிழல் விவரமெல்லாம் காலி.

முதலில் நாஸில் செக், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் கோடுகளை அச்சிட்டுப் பார்ப்பது. ஒரு கோடு விட்டிருந்தாலும் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். ஓடுவது மேட் பேப்பருக்கான கறுப்பு மையான மேட் பிளாக்தானா என்றும் பாருங்கள். பளபளப்புப் பேப்பருக்கான போட்டோ பிளாக்கை மேட் பேப்பரில் ஓட்டிவிட்டு அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

அப்புறம், ரிப்பின் கேலிப்ரேஷன் மோடில், ஒவ்வொரு மையையும் தனி வரிசையில் 100 வரை கட்டம் கட்டமாகக் காட்டும் பட்டையை அச்சிடுங்கள். படத்துக்கு எந்த ரெசல்யூஷனோ இதற்கும் அதேதான், இல்லையென்றால் மை விழும் அளவே மாறிவிடும். ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பு வரிசையை 100-இலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்: 100, 95, 90 மூன்றும் ஒன்றாகத் தெரியும், 75-க்கு வரும்போது திடீரென ஒரு படி வெளுத்தது கண்ணில் படும் என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் உங்கள் பேப்பருக்கு வரம்பு 80. கண்ணை நம்ப முடியவில்லையா, சாதா ஸ்கேனர் போதும், அதில் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் போட்டோஷாப்பில் படியுங்கள். மை பக்கத்துக் கட்டத்துக்குள் கசிந்திருந்தால் இன்னும் 5 குறைப்பதே நல்லது.

லைட் பிளாக், அதாவது வெளிர் கறுப்பு மைக்கு, வேறு கணக்கு. அதன் 100 கட்டம் கறுப்பு வரிசையில் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். 35-உடன் ஒத்தால் 35. அதைவிட வெளிறிய லைட் லைட் பிளாக்குக்கும் இப்படியே. இந்த எண் பிசகினால் ஒரு மை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், முகத்திலும் வானத்திலும், ஒரு படி விழுந்தது போலத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை போகும் 21 படி பட்டையை அச்சிட்டு லீனியரைஸ் செய்வது, அதாவது படிகள் சீராக இறங்கும்படி அளந்து திருத்துவது. நல்ல மேட் பேப்பரில் டி-மேக்ஸ் (அதிகபட்சக் கறுப்பின் அடர்த்தி) 1.6, 1.7 வந்தாலே திருப்திப்படலாம். பளபளப்புப் பேப்பரின் 2-க்கு மேற்பட்ட கறுப்பை மேட்டில் தேடாதீர்கள். கறுப்பை நோக்கிப் போகப் போக, படிக்குப் படி எல் மதிப்பு (வெளிச்சத்தின் அளவு) இறங்கிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஒன்றிரண்டு மறுபடி ஏறினால் கர்வை (டோன்களைத் திருத்தும் வளைகோட்டை) தொடாதீர்கள், மை வரம்பை 5 குறைத்துப் பட்டையைத் திரும்ப அச்சிடுங்கள்.