கட்டிலுக்கடியில் இருக்கும் முதலீடு

கேள்வி: நான் மதுரையில் வசிக்கிறேன், வயது 43. கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கிழிந்த துணிகளுக்கு டார்னிங் செய்வது, ரவிக்கைகளைப் பிரித்துத் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது ஆகிய வேலைகளை வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். பழைய நூல் சேலைகளைப் போர்வையாகவும் பையாகவும், பட்டுச் சேலைகளைக் குழந்தைகளுக்கான பாவாடை சட்டையாகவும் மாற்றித் தருகிறேன். மாதம் சுமார் 20,000 ரூபாய் வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. போர்வைக்கு ஆர்டர் அதிகம் வருவதால், 34,000 ரூபாய்க்கு ஒரு பவர் மிஷின் வாங்க நினைக்கிறேன். அதற்கு நகையை அடகு வைக்கலாமா? வருமான வரி, ஜி.எஸ்.டி. குறித்தும் பயமாக இருக்கிறது. சென்ற மாதக் கணக்கு நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உங்கள் நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் நீங்கள் குறித்து வைத்திருப்பதால்தான் இந்தப் பதிலை எழுத முடிகிறது. வீட்டிலிருந்து தொழில் செய்வோரில் பெரும்பாலோர் வரவை மட்டும் எழுதுவார்கள், நேரத்தை எழுதுவதில்லை.

சென்ற மாதம் பழுது பார்ப்பதிலும் ஆல்ட்ரேஷனிலும் 64 உருப்படிகளுக்கு 7,200 ரூபாய் வந்திருக்கிறது. நூல், ஊசி, ஃபால்ஸ் துணிக்கு 600 ரூபாய் போக, 60 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 110 ரூபாய் கிடைத்திருக்கிறது. பட்டுப் பாவாடை மூன்றை 1,500 ரூபாய் வீதம் தைத்துக் கொடுத்ததில், லைனிங்குக்கும் கொக்கிக்கும் ஆன 900 ரூபாயைக் கழித்தால், 18 மணி நேரத்துக்கு மணிக்கு 200 ரூபாய். பைகள் பன்னிரண்டு, ஒன்று 250 ரூபாய். ஜிப்புக்கும் உள்துணிக்கும் 720 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள், 15 மணி நேரம். இந்தக் கணக்கின்படி மணிக்கு 152 ரூபாய் வருகிறது. ஆனால் பையின் மேல்துணிக்கு நீங்கள் விலையே போடவில்லை. 120 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய சேலையில் நான்கு பைகள் வருவதாக நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருப்பதால், பைக்கு 30 ரூபாயைச் சேர்த்துக்கொண்டால் மணிக்கு 128 ரூபாய்தான். ‘பழைய துணிதானே’ என்று அதைக் கணக்கில் விடுவது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பணம் கொடுத்து வாங்கிய எதுவும் இலவசம் ஆகாது.

இனி போர்வைக்கு வருவோம். ஒன்று 1,800 ரூபாய் வீதம் மூன்று போர்வைகள் விற்றிருக்கிறீர்கள். சேலைகளை வாடிக்கையாளர்களே கொடுத்துவிட்டதால் செலவு போர்வைக்கு 350 ரூபாய்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 22 மணி நேரம் ஆகியிருக்கிறது. மூன்று போர்வைகளில் நிகரமாக வந்த 4,350 ரூபாயை 66 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 66 ரூபாய் வருகிறது. நீங்கள் அதிகம் பெருமைப்படும் வேலை, உங்களுக்கு மிகக் குறைந்த கூலி தரும் வேலையாக இருக்கிறது. அதை இன்னும் அதிகமாகச் செய்வதற்காகத்தான் கடன் வாங்க நினைக்கிறீர்கள்.

பவர் மிஷின் இந்த நிலையை மாற்றுமா என்றால், ஓரளவுக்குத்தான். போர்வையின் 22 மணி நேரத்தில் 14 மணி நேரம் கையால் போடும் ஓட்டுத்தையலுக்குப் போகிறது என்று குறித்திருக்கிறீர்கள். அந்தக் கைத்தையலுக்காகத்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். அதை மிஷினுக்கு மாற்றினால், கடையில் விற்கும் போர்வையின் விலைக்கு நீங்களும் இறங்க வேண்டியிருக்கும். மீதமுள்ள 8 மணி நேரம் துண்டுகளை இணைப்பதற்கும் ஓரம் அடிப்பதற்கும் ஆகிறது. அதில் மூன்று மணி நேரத்தைப் புதிய மிஷின் மிச்சப்படுத்தலாம். ஆக, மூன்று போர்வைகளுக்கு 9 மணி நேரம், பழுது வேலைகளில் ஒரு 10 மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மாதம் 19 மணி நேரம் மிச்சமாகும். உங்கள் சராசரிக் கூலி மணிக்கு ஏறக்குறைய 104 ரூபாய் என்பதால், அந்த 19 மணி நேரமும் கூலி வேலையால் நிரம்பினால் மாதம் 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் வருமானம் வரும். மிஷினின் விலையை எடுக்க ஒன்றரை ஆண்டு பிடிக்கும். இது மோசமான முதலீடு அன்று. ஆனால் அவசரமான முதலீடும் அன்று.

அவசரமானது போர்வையின் விலை. பழுது வேலைக்குக் கிடைக்கும் 110 ரூபாயையே போர்வைக்கும் கூலியாக வைத்தால், 22 மணி நேரத்துக்கு 2,420 ரூபாய், செலவு 350 ரூபாய், மொத்தம் 2,770 ரூபாய் ஆகிறது. அடுத்து வருபவரிடம் 2,800 ரூபாய் என்று சொல்லுங்கள். மூவரில் ஒருவர் விலகிப்போனாலும், இரண்டு போர்வைகளில் நிகரமாக 4,900 ரூபாய் நிற்கும். மூன்று தைத்தபோது நின்றதைவிட 550 ரூபாய் அதிகம், கூடவே 22 மணி நேரமும் உங்களுக்கு மிச்சம். ‘நீங்களே பார்த்துக் கொடுங்கள்’ என்று உறவினர்களிடம் சொல்லும் வழக்கத்தையும் இத்துடன் நிறுத்துவது நல்லது. சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்வது உங்கள் விருப்பம்; ஆனால் அதையும் நோட்டில் மணிக்கணக்காக எழுதுங்கள். அத்தை மகளின் கல்யாணத்துக்காகப் பதினோரு ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்த வாரத்தில் எவ்வளவு மொய் வைத்தீர்கள் என்பது அப்போது தெரியும்.

கையில் ஏன் எதுவும் நிற்பதில்லை என்ற கேள்விக்கும் உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கிறது. ஒன்றரை ஆண்டாக மாதம் 2,500 ரூபாய்க்குப் பழைய சேலைகளும் கட் பீஸ்களும் வாங்கி வருகிறீர்கள்; மாதம் பயன்படுத்துவதோ 360 ரூபாய்க்கான துணிதான். எஞ்சும் 2,140 ரூபாய் ஒவ்வொரு மாதமும் பீரோவுக்கும் பரணுக்கும் கட்டிலுக்கடியிலும் போய்ச் சேர்கிறது. பதினெட்டு மாதங்களில் இது ஏறத்தாழ 38,500 ரூபாய். வாங்க நினைக்கும் மிஷினின் விலையைவிட அதிகம். நல்ல சுங்குடிச் சேலை ஒன்றைக் குறைந்த விலைக்குக் கண்டால் விட்டுவிட்டு வர மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. என் தாயாரும் அப்படித்தான். அவர் மறைந்த பிறகு நாங்கள் பிரித்த டிரங்குப் பெட்டிகளில் தைக்கப்படாத துணியே அதிகம் இருந்தது. இருந்தாலும், அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரு முழத் துணிகூட வாங்காதீர்கள். உள்ளதை வைத்துப் பை தையுங்கள். பைக்கு ஆகாததைத் துண்டுகளாக்கி, கைவினை செய்வோருக்கு எடைக்கணக்கில் கொடுங்கள். மூன்று மாதங்களில் 7,500 ரூபாய் வெளியே போகாமல் நிற்கும்.

அந்தப் பணம் பால்காரருக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் கரைந்துவிடாமல் இருக்க, தொழிலுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. மூலம் அனுப்பும் பணம் அதில் மட்டுமே சேரும்படி செய்யுங்கள். அதிலிருந்து மாதத்தின் முதல் தேதியில் 10,000 ரூபாயை உங்கள் சம்பளமாக வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். குடும்பச் செலவுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால், அது கணவருடன் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். தையல் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய பணம் அன்று.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் நகைதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் தொழிலும் அடங்கும். 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 சதவீத மானியமும் (உச்சவரம்பு 50,000 ரூபாய்), அதனுடன் 5 சதவீத வட்டி மானியமும் உண்டு என்று அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 34,000 ரூபாய்க்கு 25 சதவீதம் என்றால் 8,500 ரூபாய். சிறிய தொகை அன்று. இது வங்கிக் கடனோடு இணைந்த மானியம் என்பதால், மிஷினை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்கலாம் என்று எண்ணாதீர்கள். முன்கூட்டியே மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று நடப்பு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கு போவதற்கு முன்பு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் செய்யும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வரி குறித்த உங்கள் பயத்துக்கு இடமில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,41,000 ரூபாய் வரவு என்பது புதிய வரிமுறையின் 4 லட்சம் ரூபாய் அடிப்படை விலக்கு வரம்புக்கே உட்பட்டது. ஜி.எஸ்.டி. பதிவு, பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயையும், பழுது பார்ப்பது போன்ற சேவை சேர்ந்தால் 20 லட்சம் ரூபாயையும் தாண்டினால்தான் தேவைப்படும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கத் தொடங்கினால் விதி மாறும்; அப்போது மட்டும் ஒரு கணக்காளரைப் பாருங்கள். வரி இல்லாவிட்டாலும் சிறு தொழில்களுக்கான உத்தேச வருமான முறையில் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து வாருங்கள். நாளை வங்கியில் உங்கள் வருமானத்துக்கு ஆதாரமாகக் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் எப்போதும் நான்கைந்து வாடிக்கையாளர்களின் பட்டுச் சேலைகள் இருக்கின்றன. வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாகக் குடும்பத்தாரின் உடைமைகளுக்கானவை. பிறர் ஒப்படைத்த பொருள்களையும் சேர்க்க வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், வாங்கும்போதே கொடுக்கும் ரசீது. பழைய பட்டு மடிப்புக் கோடுகளிலேயே இற்றுப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும், கொண்டுவருபவருக்குத் தெரியாது. சேலையை விரித்துப் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கிழிசல்களை ரசீதில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். சரிகையையும் மறக்க வேண்டாம். அசல் சரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசப்பட்டது. பாட்டி காலத்துச் சேலையில் அதன் மதிப்பு நீங்கள் வாங்கும் தையல் கூலியைவிடக் கூடுதலாக இருக்கலாம். கத்தரி வைப்பதற்கு முன்பு அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும்படி உரியவரிடம் சொல்லுங்கள். மிஞ்சும் கரைத்துண்டுகள் திருப்பித் தரப்படும் என்பதையும் ரசீதில் எழுதிவிடுங்கள்.

உங்கள் வருமானம் கண்ணையும் கழுத்தையும் நம்பி இருப்பதால், மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை வேறு முதலீடு எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக்கும் 436 ரூபாயில் ஆயுளுக்கும் தலா 2 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டங்களில் உங்கள் வங்கி மூலமே சேரலாம். 40 வயதைக் கடந்துவிட்டதால் அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் உங்களுக்கு இடமில்லை; பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை இப்போது தொடங்கினால் 58 வயதுக்குப் பின் முதிர்வடையும்.

மூன்று மாதங்கள் துணி வாங்காமலும் போர்வையின் விலையை உயர்த்தியும் பார்த்த பிறகு, வேலை அப்போதும் தேங்கி நின்றால் மிஷினை வாங்குங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் நூல் சேலையை நான்கு மடிப்பாகக் கரையோடு சேர்த்து எடுத்துச் சென்று, அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் புதுத்துணியில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் ஓடும். தைக்காதபோதும் சுழன்றுகொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாருக்குப் பதிலாக, பெடலை மிதிக்கும்போது மட்டும் சுழலும் செர்வோ மோட்டார் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தைக்கும் நேரத்தைவிடத் துணியை அடுக்கிப் பார்க்கும் நேரம் அதிகம் என்பதால், மின்கட்டணத்தில் அந்த வேறுபாடு தெரியும்.