வரிக்குதிரைக்கு வரிகள் எதற்கு?

சிங்கத்தின் கண்ணை ஏமாற்றத்தான் என்று பலரும் படித்திருப்போம். ஆனால் வலுவான சான்று இருப்பது ஈக்களின் பக்கம்தான். ஆப்பிரிக்காவில் கடிக்கும் ஈக்கள் ரத்தம் குடிப்பதோடு கொடிய நோய்களையும் பரப்புகின்றன. வரிக்குதிரையின் ரோமமோ குட்டை. ஈயின் வாய் எளிதில் தோலைத் தொட்டுவிடும்.

2019இல் உயிரியலாளர் டிம் கேரோவின் குழுவினர் இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் வழக்கம்போல வந்தன, ஆனால் வரிகள்மேல் உட்காருவது வெகுவாகக் குறைந்தது. மூடாத தலையில் மட்டும் எப்போதும்போல உட்கார்ந்தன! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே ஆய்வில் எடுத்த வீடியோவில், நிஜ வரிக்குதிரையை நெருங்கிய ஈக்கள் வேகத்தைக் குறைக்காமல் மோதித் திரும்பின. இறங்கும் இடத்தைக் கணிக்க முடியவில்லை போலும்.

அப்புறம், ஒவ்வொரு வரிக்குதிரையின் வரியும் தனி. குட்டி பிறந்ததும், அது தாயை அடையாளம் கண்டுகொள்ளும்வரை மற்ற வரிக்குதிரைகளைத் தாய் அண்டவிடாது.