கம்பெனியின் கை எட்டாத கரை

கேள்வி: எங்கள் தரங்கம்பாடியைப் போலவே வங்காளத்துச் செராம்பூரும் டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊராம். வெள்ளைக்காரன் கட்டிக்கொடுத்த ஊர், இன்று கல்கத்தாவின் புறநகர். இதைத் தவிர அதற்கு வேறென்ன பெருமை?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: 'கட்டிக்கொடுத்த' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். ஹூக்ளியின் மேற்குக் கரையில் டேனிஷ் கொடி ஏறியது 1755இல். அதற்கு வெகுகாலம் முன்பே மாஹேஷில் ஜகந்நாதர் தேர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாஹேஷ் இந்த ஊருக்குள்தான் இருக்கிறது.

டேனிஷ்காரர்கள் கொடுத்தது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கை எட்டாத ஒரு கரை. எதிரே பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் மாளிகை. இக்கரையில், கல்கத்தாவில் கடன்பட்டு ஓடிவந்தவர்கள் காலாற நடந்துகொண்டிருந்தார்கள்! பாதிரிமார்களுக்குக் கம்பெனி இடம் தராததால், வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் 1800இல் இங்கே வந்து அச்சகம் போட்டார்கள்.

புகழெல்லாம் கேரிக்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அச்செழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர். அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்தது. காகிதமும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. வார்த்து வைத்திருந்த எழுத்துகள் உருகிக் கட்டியாகிவிட்டன. தமிழ் எழுத்துகளும் அவற்றில் அடக்கம். ஆனால் எழுத்து வார்க்கும் அச்சுகளுக்கு மூலமான, கொல்லர்கள் எழுத்து வெட்டிய எஃகு முளைகள் இடிபாட்டுக்குள் பழுதில்லாமல் கிடைத்தன. உருகிய உலோகத்தையே அள்ளி எடுத்து மறுபடி வார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த முளைகளும் போயிருந்தால் கேரியின் பாடு திண்டாட்டம்தான். 1818இல் 'சமாசார் தர்பண்' என்ற வங்காளி வார இதழ் வெளிவந்ததும் இதே ஊரிலிருந்துதான்.

1845இல் உங்கள் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1854இல் ஹவுராவிலிருந்து ரயில், அப்புறம் சணல் ஆலைகள். புறநகரானது அப்படித்தான்.

பெருமை கேட்டீர்களே, வங்காளம் வரை போக வேண்டாம். மதுரையிலோ சென்னையிலோ இறையியல் படித்த போதகர் பக்கத்தில் யாராவது இருந்தால், பட்டச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாக அதில் செராம்பூரின் பெயர் இருக்கும். அங்குள்ள கல்லூரிக்கு 1827இல் டேனிஷ் அரசர் அளித்த சாசனம் இன்றும் செல்லுபடியாகிறது. ஊரை விற்றபோதும் அந்த உரிமைக்குப் பங்கம் வராமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.