அப்பா அம்மாவுக்கு ஃபிரிட்ஜ், மிக்சி, வாஷிங் மெஷின்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: மயிலாடுதுறையில் அப்பா (74), அம்மா (69) இருவர் மட்டும் இருக்கிறார்கள். நான் பெங்களூரில். வீட்டில் 18 வருடம் ஓடிய சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், 2012-ல் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அரசு மிக்சி, அம்மா கல்யாணமான புதிதில் வாங்கிய பெரிய கிரைண்டர், செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், நான்கு பழைய ஃபேன். ஒன்று மாற்றி ஒன்று மக்கர் செய்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன். திரை, வைஃபை, ஆப் எதுவும் வேண்டாம். திருகினால் ஓட வேண்டும், ரொம்ப நாள் உழைக்க வேண்டும். எதை வாங்கலாம்? ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்கலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், அப்பா வழக்கமாகக் கூப்பிடும் மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்கள். எந்தப் பிராண்டு நல்லது என்று கேட்காதீர்கள். மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்வோம், நான் உட்பட. "எந்த மாடலுக்கு உங்க கடையில சாமான் இருக்கு?" என்று கேளுங்கள். மிக்சி ரிப்பேர் கடைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஆணி அடித்து கப்ளர், பெல்ட், ஜார் வாஷர் என்று சரம் சரமாகத் தொங்கும். ஊரில் எது அதிகம் புழங்குகிறதோ அதற்குத்தான் அவர் காசு போட்டுச் சாமான் வாங்கி வைப்பார். அந்தச் சுவரில் இடம் பிடிக்காத மிக்சி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ஏழெட்டு வருடம் கழித்து ஒரு சின்ன ரப்பர் கிடைக்காமல் பரணில் ஏறிவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கம்பெனி சர்வீஸ் ஆள் உள்ளூரிலேயே இருக்கிறாரா, கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வர வேண்டுமா? பில் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் நிச்சயம் மாற்ற வேண்டியது ஃபிரிட்ஜ்தான் என்பது என் ஊகம். ஊகத்தை நம்ப வேண்டாம், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு சோதனை போதும்.

முதலாவது கதவு. ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை, குளிர் அது வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீழ் மூலைகளில், இதைச் செய்து பாருங்கள். குறை ரப்பரில் மட்டும் என்றால் கேஸ்கெட்டை மாற்றினாலே போதும்.

இரண்டாவது மீட்டர். வீட்டில் மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிடுங்கள். மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 40 தடவை மினுக்கினால், ஒரு மணி நேரத்துக்கு 480, அதாவது ஃபிரிட்ஜ் சுமார் 150 வாட் இழுக்கிறது. இழுக்கும் அளவில் தப்பில்லை, எத்தனை நேரம் இழுக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடி, தெர்மோஸ்டாட் 'டக்'கென்று அணைக்க, ஓய்வெடுக்கும். உங்கள் ஃபிரிட்ஜ் ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால், 150 வாட் கணக்கில் நாளுக்கு 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட். இப்போது வரும் 180, 190 லிட்டர் மூன்று நட்சத்திர சிங்கிள் டோரின் லேபிளில் ஒரு வருடத்துக்கே 200 யூனிட்டுக்குள்தான் போட்டிருக்கும். லேபிள் கணக்கு சோதனைக் கூடத்தில் எடுத்தது, நம் வீட்டுச் சித்திரை வெயிலில் கூடத்தான் ஆகும். அப்படியே கூடினாலும் வித்தியாசம் சின்னதல்ல.

சரி, மாற்றுவதென்றால் மறுபடியும் சிங்கிள் டோரே வாங்குங்கள். அதில் கம்ப்ரசர், அதைக் கிளப்பிவிடும் ரிலே, சூடு ஏறினால் அதை அணைக்கும் ஓவர்லோடு, தெர்மோஸ்டாட், ஒரு விளக்கு. கெட்டுப்போக அவ்வளவுதான் இருக்கிறது. கம்ப்ரசரைத் தவிர மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஐஸ் கட்டாது, சுகம்தான். ஆனால் அந்தச் சுகத்துக்காக உள்ளே ஒரு ஃபேன், ஐஸை உருக்க ஒரு ஹீட்டர், ஹீட்டர் எப்போது எரிய வேண்டும் என்று பார்க்கும் சென்சார், டைமர் அல்லது எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அது தேவையில்லை. சிங்கிள் டோரில் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கும் பட்டனை வாரம் ஒரு முறை அமுக்கினால் ஐஸ் தானே உருகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐஸ் ட்ரே ஒட்டிக்கொண்டதென்று கத்தியால் நெம்பக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். சிங்கிள் டோர் ஃப்ரீசரின் சுவரே அலுமினியக் காயில்தான், அதற்குள் கேஸ் ஓடுகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு வருடம் ஆன பிறகு, என் வீட்டு ஃபிரிட்ஜில் திருப்புளியை விட்டு நெம்பினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் ஆள் சொந்தக் காயிலில் ஓட்டை போட்டார் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அதிலும் இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸ். சில பத்து கிராம்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கக் கூடியது. பழைய 134ஏ போல வாசலில் உட்கார்ந்து பற்றவைத்துச் சார்ஜ் செய்யும் வேலை இதற்கு ஆகாது. பழகிய ஆள்தான் கை வைக்க வேண்டும்.

கடையில் 'இன்வெர்ட்டர் கம்ப்ரசர், பத்து வருட வாரண்டி' என்பார்கள். அது மோசமான பொருளல்ல. சத்தம் குறைவு, கரண்டும் குறைவு. ஆனால் அதை ஓட்டுவது ஒரு போர்டு. பத்து வருடம் என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். மற்ற பாகங்களுக்கு ஒரு வருடம் என்பதுதான் வழக்கம். கேஸ், கூலி, போர்டு எதெல்லாம் சேர்த்தி என்பது வாரண்டி அட்டையில் இருக்கும், விற்பவரை அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது சாதாரண கம்ப்ரசர், இரண்டு அல்லது மூன்று நட்சத்திரம். இவ்வளவு சின்ன ஃபிரிட்ஜில் ஐந்து நட்சத்திரத்தால் வருடத்துக்கு மிச்சமாகும் யூனிட் கொஞ்சம்தான், கூடுதல் விலையை எடுக்கவே பல வருடம் ஆகும். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஒட்டியிருந்தால், எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் பாருங்கள். உங்கள் தெருவில் சாயங்காலம் டியூப் லைட் எரியத் திணறும் என்றால் ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள்.

அப்புறம், அடியில் டிராயர் வைத்த மாடலாகப் பாருங்கள். அந்த டிராயர் குளிராது, வெங்காயம் உருளைக்கிழங்கு போடத்தான். ஆனால் ஃபிரிட்ஜைக் கொஞ்சம் உயர்த்திவிடும். காய்கறித் தட்டுக்காக அம்மா தரையில் குந்த வேண்டியதில்லை.

மிக்சிக்கு வருவோம். அரசு மிக்சியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மிக்சிகள் இன்றும் என் மேஜைக்கு வருகின்றன. ஒரு திருகு குமிழ், அடியில் ஒரு மோட்டார், வேறொன்றும் இல்லை. மக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன மக்கர்? ஜார் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் அது ஜார் புஷ், மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார் சுற்றி, பிளேடு சுற்றாவிட்டால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் போயிருக்கும். கப்ளர் உடைவது நல்லதற்குத்தான். ஜாருக்குள் ஏதாவது சிக்கினால் மோட்டார் எரிவதற்குப் பதில் அது தன்னைக் கொடுக்கிறது. சத்தமே இல்லையென்றால் மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சின்னதாகச் சிவப்புப் பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பட்டனை உள்ளே அமுக்கினேன், ஓடியது. காசு வாங்க மனம் வரவில்லை, பாட்டி விடவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவை எதுவும் இல்லாமல் கருகல் வாசனையும் தீப்பொறியும் அதிகமாக வந்தால் முதலில் கார்பன் பிரஷைப் பாருங்கள். மிக்சி மோட்டாரில் அது தேய்ந்துகொண்டே போகும் பாகம், மாற்றலாம். மோட்டார் காயிலே எரிந்திருந்தால் புதிது வாங்குவதுதான் மரியாதை. 500 வாட், மூன்று ஸ்டீல் ஜார், திருகு குமிழ். 750 வாட் வேண்டாம். கிரைண்டர் இருக்கும் வீட்டில் அது சட்னி அரைக்கவும் மிளகு பொடிக்கவும்தான், சத்தம்தான் மிச்சம். எதை வாங்கினாலும் வதக்கிய வெங்காயம் தக்காளியைச் சுடச்சுட ஜாரில் போடக் கூடாது. புஷ்ஷும் வாஷரும் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் அந்தச் சூடுதான்.

கிரைண்டரை விற்காதீர்கள். அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், கார்பன் பிரஷே கிடையாது. பெல்ட் தளர்ந்தால் பெல்ட், மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கண்டன்சர். மாவு நைசாக வரவில்லை என்றால் கல் வழவழப்பாகிவிட்டது, கொத்தினால் சரியாகும். மாற்ற ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு, அது குழவியின் கனம். 69 வயதில் அதைத் தூக்கிக் கழுவுவது அம்மாவுக்குச் சிரமமாக இருந்தால் மேஜைமேல் வைக்கும் 2 லிட்டர் கிரைண்டர் வாங்குங்கள், முடிந்தால் சாய்த்து மாவெடுக்கும் வகை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. டைமர், டிஜிட்டல் என்று எதுவும் இல்லாத, ஒரே ஒரு ஸ்விட்ச் வைத்த மாடலும் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாஷிங் மெஷினில்தான் உங்களோடு முரண்படுகிறேன். திருகினால் ஓட வேண்டும் என்றால் செமி ஆட்டோமேட்டிக்கை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஈரத் துணியைக் குனிந்து அள்ளி ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது யார்? மெஷினுக்கு எளிமை, இடுப்புக்குச் சிரமம். இந்த ஒரு இடத்தில் போர்டு வைத்த பொருளைச் சிபாரிசு செய்கிறேன். ஆறரைக் கிலோ டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக். நீங்கள் ஊரில் இருக்கும்போதே அம்மாவுக்கு ஒரு புரோகிராமைப் பழக்கி, அந்தப் பட்டனில் பொட்டு ஒட்டிவிட்டு வாருங்கள். மற்ற பட்டன்களை மறந்துவிடலாம். வைஃபை இருந்தாலும் இணைக்காமலே துவைக்கும், அதற்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்க வேண்டாம். மாடித் தொட்டி தாழ்வாக இருந்தால் தண்ணீர் மெதுவாக இறங்கி மெஷின் பாதியில் நின்று கத்தும், ஆகவே குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் எடுக்கும் மாடலா என்று கேளுங்கள். அடியில் எலி புகாமல் இருக்க மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் திறந்து பார்க்கும் மெஷின்களில் எலி கடித்த ஒயர் புதிதல்ல. ஃப்ரண்ட் லோடு வேண்டாம், அதற்கும் குனிய வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் அதன் ஹீட்டரில் படலம் வேறு படியும்.

மெஷின் பொருத்த வருபவர் ஸ்டாண்டு, உறை, பவுடர், வருடாந்தர ஒப்பந்தம் என்று அடுக்குவார். ஸ்டாண்டு மட்டும் போதும். ஏதாவது குளறுபடி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை அப்பாவின் போனில் பதிந்துவையுங்கள்.

ஃபேன் நான்கையும் மாற்ற வேண்டாம். மெதுவாகச் சுற்றினால் அது கண்டன்சர், பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி, உள்ளூர் எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். பழைய ஃபேன் 75 வாட், கரண்டு குறைவாக இழுக்கும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் 30 வாட் என்று வையுங்கள். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேனுக்கு அது லாபம். எப்போதாவது ஓடும் கூடத்து ஃபேனுக்கு லாபமில்லை. பெரும்பாலான பிஎல்டிசிக்குச் சுவர் ரெகுலேட்டர் உதவாது, ரிமோட்டில்தான் வேகம் மாறும். ரிமோட்டைக் கயிறு கட்டிக் கட்டில் ஓரம் தொங்கவிடுங்கள்.

ஆடித் தள்ளுபடியைப் பற்றிக் கேட்டீர்கள். வாஷிங் மெஷினுக்கும் ஃபேனுக்கும் தாராளமாகக் காத்திருக்கலாம். ஆனால் நட்சத்திர லேபிளில் அது எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், அதனால் பழைய சரக்கின் நான்கு நட்சத்திரம் இன்றைய கணக்கில் குறைவாகவே வரும். ஃபிரிட்ஜ் மட்டும், மேலே சொன்ன இரண்டு சோதனையிலும் தேறாவிட்டால், ஆடி வரை தாங்காது. அது நிற்பதாக இருந்தால் சித்திரையில்தான் நிற்கும், அந்த நேரத்தில் மெக்கானிக் யாரும் போனை எடுக்கமாட்டோம்.