மார்வலெட்ஸ்: 'போஸ்ட்மேன்' தாண்டி என்ன கேட்கலாம்?

கேள்வி: மார்வலெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழுவின் பாட்டுகளில் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' தவிர எதுவும் தெரியாது அண்ணா. எங்கே ஆரம்பிக்கட்டும்?

பதில்: நேராக 1967-க்குப் போங்கள், 'தி ஹன்டர் கெட்ஸ் கேப்சர்ட் பை தி கேம்'. 1961-ல் 'போஸ்ட்மேன்' பாடி மோடவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு அமெரிக்க பாப் பட்டியலில் முதல் நம்பர் ஒன் வாங்கிக் கொடுத்தது கிளாடிஸ் ஹார்ட்டனின் கரகரத்த குரல். டெட்ராய்ட்டை ஒட்டிய இங்க்ஸ்டரில் பள்ளியில் சேர்ந்து பாடிய பெண்கள் அவர்கள். அதே குழுவில் இருந்த வான்டா யங்குக்கென்றே பின்னாளில் மோடவுன் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்மோக்கி ராபின்சன் பாட்டு எழுதினார். 'ஹன்டர்' அதில் உச்சம். ஆளைப் பிடிக்க வலை விரித்தவளே வலையில் விழுகிறாள். வான்டா அதை அலட்டிக்கொள்ளாமல், பாதி மூச்சும் பாதி குரலுமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இடையில் மவுத் ஆர்கன் வந்து போகிறது. 1980-ல் கிரேஸ் ஜோன்ஸ் பாடியதும் நன்றாகத்தான் இருக்கும். நான் வான்டா கட்சி.

கேள்வி: ரெக்கார்டின் மறுபக்கத்தில் ஒளிந்திருக்கும் பாட்டு ஏதாவது?

பதில்: 'ஃபாரெவர்', 1963. 'லாக்கிங் அப் மை ஹார்ட்' ரெக்கார்டின் பின்பக்கம். சில வானொலிகள் முன்பக்கத்தைப் போட்டன, சில பின்பக்கத்தைப் போட்டன. ஓட்டு பிரிந்து, இரண்டுமே பட்டியலில் மேலே ஏற முடியாமல் போனது. எனக்கு அந்தப் பின்பக்கம்தான் வேண்டும். வான்டா அப்போதே எப்படிப் பாடியிருக்கிறார் என்று பாருங்கள்!

கேள்வி: 'தி டார்னெல்ஸ்' என்பது வேறு குழுவா?

பதில்: பெயர்தான் வேறு. 'டூ ஹர்ட் டு க்ரை, டூ மச் இன் லவ் டு சே குட்பை' என்ற பாட்டை 1963-ல் மோடவுன் அந்தப் பெயரில் கார்டி லேபிளில் வெளியிட்டது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பாணியில் வாத்தியங்களை அடுக்கி எழுப்பிய பெரிய சத்தம். அவசியம் கேளுங்கள்.

கேள்வி: மோடவுனின் இன்னொரு பெண்கள் குழுவான சுப்ரீம்ஸின் 'வேர் டிட் அவர் லவ் கோ' முதலில் இவர்களிடம்தான் போனதாமே?

பதில்: எழுதியவர்களில் ஒருவரான லமான்ட் டோசியரே சொன்ன கதை அது. கிளாடிஸ் வேண்டாம் என்றுவிட்டாராம். ட்ராக் ஏற்கெனவே கிளாடிஸின் சுருதிக்குப் போட்டாகிவிட்டதால், சுப்ரீம்ஸின் டயானா ராஸ் வழக்கத்தைவிடக் கீழே இறங்கிப் பாட வேண்டியதாயிற்று. அந்தப் பாட்டின் அழகே அந்தக் கீழ்ச்சுருதிதான் என்பேன். சரி, இவர்கள் 1964-ல் 'டூ மெனி ஃபிஷ் இன் தி சீ' பாடினார்கள், அதுவும் சோடையில்லை.

கேள்வி: ஆட்டம் போட ஒன்று?

பதில்: 'ஐல் கீப் ஹோல்டிங் ஆன்', 1965. 'அவன் என்னை விரும்பும்வரை விடமாட்டேன்' என்று வான்டா அடம்பிடிக்கும் பாட்டு. அடுத்த ஆண்டே லண்டனின் தி ஆக்‌ஷன் குழு இதை எடுத்துப் பாடியது.

கேள்வி: கிளாடிஸ் குழுவை விட்டுப் போன பிறகு ஒன்றும் தேறாது என்கிறார்களே?

பதில்: கேட்காமல் சொல்கிறார்கள். அவர் இடத்துக்கு ஆன் போகன் வந்தார். 1968-ல் ஆஷ்ஃபோர்டும் சிம்ப்சனும் எழுதிய 'டெஸ்டினேஷன்: எனிவேர்' கேளுங்கள். காதல் முறிந்த பெண் ரயில் நிலையத்தில் நின்று, எந்த ஊருக்கானாலும் பரவாயில்லை, டிக்கெட் கொடுங்கள் என்கிறாள். பெரிய ஹிட் ஆகவில்லை, அநியாயம்.

கேள்வி: 1970-ல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி மார்வலெட்ஸ்' ஆல்பம் வாங்கலாமா?

பதில்: வான்டாவின் தனி ஆல்பம் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். கூடப் பாடுவது மோடவுனின் ஸ்டூடியோ பின்னணிக் குழுவான தி ஆண்டான்டெஸ். பழைய தோழிகளின் குரலைத் தேடினால் கிடைக்காது.